நரியா, பரியா? சுங்க அதிகாரி கேட்கிறார்!

மாணிக்கவாசகர் கதையை அறியாத வாசகர்கள் இருக்க மாட்டீர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாடகமாகப் பார்த்திருப்பீர்கள்; அல்லது பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். குதிரை வாங்கி வரும்படி பாண்டிய மன்னன் பொன்னைக் கொடுத்து அமைச்சரை அனுப்புகிறான். அமைச்சரோ திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, கொண்டுபோன பொன்னையெல்லாம் கோயில் திருப்பணியில் செலவிட்டு விடுகிறார். "குதிரை எங்கே?" என்று மன்னன் கேட்கிறான். சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தாமே வணிகராக வந்து மதுரையில் ஒப்படைக்கிறார். இரவானதும் அந்தப் பரிகளெல்லாம் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன.

இந்தக் கதையில் ஒரு சின்ன விவரம் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. குதிரையை ஒப்படைக்கும்போது "கயிறு மாற்றிக் கொள்வது" என்று ஒரு வழக்கம். விற்பவர் கையில் இருந்த கயிறு வாங்குபவர் கைக்கு வந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதன் பிறகு என்ன நேர்ந்தாலும் விற்றவரைக் கேட்க முடியாது. வந்தது பரியா, நரியா என்பதைக் கயிறு மாறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு அந்தக் கயிறு காகிதமாகிவிட்டது. "வந்தது பரியா, நரியா?" என்று கேட்கும் வேலை சுங்கத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் உரியதாகிவிட்டது. அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள், நாம் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

"பால் மரத்தையும் செம்பனையையும் பார்த்து வளர்ந்த நமக்குக் குதிரை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். சற்று யோசித்துப் பாருங்கள். கோலாலம்பூருக்கு உறவினர் வந்தால் அரண்மனை வாசலுக்கு அழைத்துப் போகிறோம். அங்கே குதிரை மேல் அசையாமல் அமர்ந்திருக்கும் காவலருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறோம். 2011 வரை அந்த அரண்மனை பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே, ஜாலான் இஸ்தானாவில் இருந்தது. இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் இருக்கிறது.

இன்று இரட்டைக் கோபுரம் வானத்தைத் தொட்டு நிற்கிறதே, அந்த நிலமும் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல்தான். 1896-இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப் ஜாலான் அம்பாங்கில் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-களின் தொடக்கத்தில்தான் அது சுங்கை பெசிக்கு இடம் மாறியது. அந்தத் திடலில் சம்பளப் பணத்தைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் கதை நம்மில் பல குடும்பங்களில் உண்டு. அதை இங்கே கிளற வேண்டாம்.

அந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன? நம் நாட்டுப் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. முன்பு கப்பலில் வந்தன. இப்போது விமானத்தில், தனிக் கூண்டுகளில், துணைக்கு ஆளோடு வந்து இறங்குகின்றன. எப்படி வந்தாலும் எல்லையில் ஒரு பாரம் நிரப்பியாக வேண்டும். அந்தப் பாரத்தில் ஒரு நம்பர் எழுதியாக வேண்டும்.

நாலு நம்பர்!

நம்பர் என்றதும் சில அன்பர்கள் நிமிர்ந்து உட்கார்வது தெரிகிறது. குதிரையின் நம்பர் 0101. கடைக்குப் போய் இதை எடுத்துவிட்டு, விழவில்லை என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்! இது சுங்கத்தின் நாலு நம்பர்.

உலகத்தில் வாணிபமாகும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஊசிக்கும் உண்டு, கப்பலுக்கும் உண்டு. ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தால் குழப்பம்தானே? நாம் "குதிரை" என்போம், மலாய்க்காரர் "கூடா" என்பார், சீனர் "மா" என்பார். அதனால் எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ளும் ஒரு பொதுப் பட்டியலை பிரஸ்ஸல்ஸ் நகரில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு வைத்திருக்கிறது. அதற்கான ஒப்பந்தம் 1983-இல் கையெழுத்தாகி, 1988 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. எச்.எஸ். எண் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் வட்டாரங்களும் அதைப் பின்பற்றுகின்றன.

முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதற்கும் பொது. ஆசியான் நாடுகள் அதை எட்டு இலக்கமாக நீட்டுகின்றன. மலேசியச் சுங்கப் பட்டியலில் அது பத்து இலக்கம். பட்டியலின் முதல் அத்தியாயமே உயிருள்ள பிராணிகள். அதன் முதல் தலைப்பே 0101. குதிரை, கழுதை, கோவேறு கழுதை எல்லாம் அதற்குள் அடக்கம். ஆக, உலக வாணிபத்தின் பெரும் பட்டியலைத் திறந்தால் வாசலில் நிற்பது குதிரைதான். நம் அரண்மனை வாசலைப் போலவே!

அரச வம்சமும் "மற்றவை"யும்

இப்போது நீங்களே கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தில் மேசை முன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி ஒரு பில்லைக் கொடுக்கிறார். "குதிரை, 1" என்று மட்டும் இருக்கிறது. 0101 என்று எழுதிவிட்டு தேநீர் குடிக்கப் போய்விடலாமா? முடியாது. அதற்குள் கிளைகள் உண்டு.

இனவிருத்திக்கென வரும் தூய இனக் குதிரைக்கு 0101.21. மற்றக் குதிரைகளுக்கு 0101.29. கழுதைக்கு 0101.30. கோவேறு கழுதை போன்ற கலப்புப் பிராணிகளுக்கு 0101.90. குதிரைக்கு இந்தத் தனி இடம் 2012-இல்தான் கிடைத்தது. அதற்கு முன் தூய இனக் குதிரையும் தூய இனக் கழுதையும் ஒரே உட்பிரிவில் ஒன்றாக நின்றன!

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பந்தயத்துக்காக வரும் "தரோபிரெட்" குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வம்சாவளி புத்தகத்தில் பதிவாகியிருக்கும். தந்தை வழியில் பின்னோக்கிப் போனால், இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று கிழக்கத்திய ஆண் குதிரைகளில் ஒன்றில் போய் முடியும். அப்படிப்பட்ட குதிரை தூய இனம்தானே? இனத்தில் தூயதுதான். ஆனால் சுங்கம் இரண்டு கேள்வி கேட்கிறது. தூய இனமா என்பது ஒன்று. இனவிருத்திக்கானதா என்பது இன்னொன்று. பந்தயத்தில் ஓடும் குதிரைகளில் பல விதையடிக்கப்பட்டவை. அரச வம்சமாக இருந்தாலும் அது குட்டிக்குத் தந்தையாக முடியாது. ஆகவே அதன் இடம் 0101.29, அதாவது "மற்றவை". பல லட்சம் வெள்ளி பெறும் குதிரையும் வண்டி இழுக்கும் மட்டக்குதிரையும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

அதே போல, "தூய இனம்" என்று வாங்குகிறவர் தாமாகச் சொல்லிக்கொண்டால் போதாது. அந்தந்த நாட்டின் உரிய அதிகார அமைப்பு அதைத் தூய இனமென ஏற்க வேண்டும். அதற்கான சான்றிதழ் குதிரையோடு வர வேண்டும்.

குதிரையை எப்படி அடையாளம் காண்பார்கள்? நம் பெரியவர்கள் குதிரை வாங்கும்போது சுழி பார்ப்பார்கள். நெற்றியில் சுழி, மார்பில் சுழி என்று பார்த்து அதிர்ஷ்டம் சொல்வார்கள். இன்றைய கால்நடை மருத்துவரும் சுழி பார்க்கிறார்! குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. அதில் குதிரையின் உருவத்தை வரைந்து, சுழி இருக்கும் இடங்களைப் பெருக்கல் குறியிட்டுக் காட்டுவார்கள். மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, குதிரைக்குச் சுழி அப்படி. கழுத்தில் தோலுக்கடியில் நுண்சில்லும் வைத்திருப்பார்கள். காகிதத்தில் உள்ள குதிரையும் கண்ணெதிரே நிற்கும் குதிரையும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான் இவ்வளவும்.

குதிரையாகத் தோன்றுவதெல்லாம் குதிரையல்ல

வரிக்குதிரை பெயரிலேயே குதிரை இருக்கிறது. பார்வைக்கும் குதிரை. குடும்பமும் குதிரைக் குடும்பம். ஆனால் சுங்கத்தில் அது 0101 அல்ல. மற்றப் பாலூட்டிகளோடு 0106-இல் போகிறது. (மதுரையில் ஓடிய நரிகளுக்கும் அதே 0106 தான்!)

ஊர் ஊராகச் சுற்றும் சர்க்கஸ் கூட்டத்தோடு வரும் குதிரை? அது உயிருள்ள பிராணிகள் அத்தியாயத்திலேயே வராது. சர்க்கஸுக்கென உள்ள 9508-இல் கூடாரத்தோடும் கோமாளிச் சாமான்களோடும் சேர்ந்துவிடும்.

இன்னொரு விதி மனதைச் சற்று வருத்தும். உயிருள்ள குதிரையைச் சுங்கம் தலை எண்ணிக்கையில் கணக்கெடுக்கிறது. வழியிலேயே குதிரை செத்துப்போனால் 0101 என்ற எண்ணும் அதோடு போய்விடுகிறது. மனிதர் உண்ணத்தக்க நிலையில் இருந்தால் அது 0205, குதிரை இறைச்சி. இல்லையென்றால் 0511, உண்ணத்தகாத பிராணிப் பொருள். புறப்பட்டபோது "ஒன்று" என்றிருந்தது, வந்து சேரும்போது "இத்தனை கிலோ" ஆகிவிடுகிறது.

கடல் வழிக் குதிரைகளின் சாவு நமக்குப் புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரபு, பாரசீக நாடுகளிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. வழியில் இறந்த குதிரைகளுக்கும் பாண்டியன் கருவூலத்திலிருந்தே விலை கொடுக்கப்பட்டது என்று வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்று ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். வந்து சேர்ந்தவையும் சரியான பராமரிப்புத் தெரியாததால் மடிந்தன என்கிறார் மார்க்கோ போலோ. இன்றைய பாரமும் சான்றிதழும் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் எத்தனை குதிரைகள் பிழைத்திருக்குமோ!

பெயரில் என்ன இருக்கிறது?

"எந்த எண்ணைப் போட்டால் என்ன? வரியில் பத்து வெள்ளி கூடும், குறையும், அவ்வளவுதானே?" என்று நினைக்காதீர்கள். பிராணியின் பெயரில் உயிரே இருக்கிறது. அதற்கு நம் பக்கத்து வீட்டிலேயே சாட்சி உண்டு.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம், உலகமே கோவிட் பயத்தில் கதவைச் சாத்தியிருந்த நேரம். தாய்லாந்தில் குதிரைகள் திடீர் திடீரென்று செத்து விழுந்தன. ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளை நோய் என்று கண்டுபிடித்தார்கள். கொசுவைவிடச் சின்னதான ஒரு கடிபூச்சி பரப்பும் நோய் அது. மனிதருக்கு வராது, ஆனால் குதிரைக்கு வந்தால் பிழைப்பது அரிது. 500-க்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. ஒவ்வொரு குதிரையையும் வலைக்குள் அடைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

அந்த நோய் எப்படி வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான வரிக்குதிரைகளோடு வந்திருக்கலாம் என்பதே பலமான சந்தேகம். வரிக்குதிரையின் உடம்பில் இந்தக் கிருமி இருந்தாலும் அது நோயாளியாகத் தோன்றாது. குதிரை என்றால் கால்நடை அதிகாரிகள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். வரிக்குதிரையோ காட்டு விலங்கு என்ற பெயரில் வேறு வாசல் வழியாக வந்தது. கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? குதிரை, கழுதை, வரிக்குதிரை என்று அந்தக் குடும்பம் முழுவதன் போக்குவரத்தையும் தாய்லாந்து நிறுத்திய பிறகுதான் அந்த வாசல் அடைபட்டது. அதே 2020-இல் நம் நாட்டில் திரங்கானுவிலும் அந்த நோய் தலைகாட்டியது.

பாருங்கள், வாசகர்களே. மதுரையில் நரிகள் பரியென்ற பெயரில் இலாயத்துக்குள் புகுந்து பழைய குதிரைகளைக் கடித்த கதை வேறெப்படி நடக்கும்? பெயர் தவறினால் காவல் தவறும். காவல் தவறினால் இலாயம் காலியாகும்.

பாரம் போகும் பாதை

நம் நாட்டில் குதிரை இறக்குமதி எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

குதிரை புறப்படுவதற்கு முன்பே கால்நடை இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். வந்து இறங்கிய பிறகு ஓடக்கூடாது. எந்த நாட்டிலிருந்து வருகிறதோ, அந்த நாட்டு அரசாங்கக் கால்நடை மருத்துவர் கொடுத்த சுகாதாரச் சான்றிதழ் கூடவே வர வேண்டும். இறங்கியதும் தனிமைக் காவல். அதே சமயம் சுங்கத்துக்கு "கே1" என்ற இறக்குமதிப் பாரம் போகும். ஏற்றுமதி என்றால் "கே2". இன்று பெரும்பாலும் கணினி வழியாகத்தான் அனுப்புகிறார்கள். பொருளின் விவரம், எண், எண்ணிக்கை, பிறந்த நாடு, மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். மதிப்பு என்பது குதிரையின் விலை மட்டுமல்ல. வழிச் செலவும் இன்சூரன்சும் சேர்ந்ததுதான்.

இதில் ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? இரும்புச் சாமான் என்றால் கிடங்கில் கிடக்கும்; வாடகை ஏறும்; அவ்வளவுதான். குதிரையால் கிடங்கில் கிடக்க முடியுமா? நீண்ட பயணத்தில் களைத்து, தண்ணீருக்கும் காற்றுக்கும் தவித்து நிற்கும் பிராணி அது. அலுவலகத்தில் ஒருவர் சோம்பலோடு எழுதிய ஒரு சொல்லுக்கு அங்கே அது தண்டனை அனுபவிக்கிறது. வேண்டுமென்றே பொய் எழுதினாலோ அது குற்றம். 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி அபராதமும் சிறையும் உண்டு.

சந்தேகம் இருந்தால் வழி இருக்கிறது. பொருள் வருவதற்கு முன்பே, "இது எந்த எண்ணில் அடங்கும்?" என்று எழுத்து மூலம் விண்ணப்பித்து, அரச மலேசிய சுங்கத் துறையிடமிருந்து முடிவு பெறலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டு பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

கோயில் குதிரைக்கும் எண் உண்டு

நம்மில் பெரும்பாலோர் உயிர்க் குதிரை வாங்கப் போவதில்லை. ஆனால் முனியாண்டி கோயிலுக்கும் ஐயனார் கோயிலுக்கும் குதிரை வேண்டுமே! தமிழ்நாட்டிலிருந்து சுடுமண் குதிரையோ மர வாகனமோ வரவழைக்கும் ஆலய நிர்வாகங்கள் இன்றும் உண்டு. அவர்கள் பாரத்தில் "குதிரை" என்று மட்டும் எழுதிவிட்டால் எப்படி இருக்கும்? கால்நடை மருத்துவர் ஊசியோடு வந்து நிற்பார்!

சுங்கத்தில் கோயில் குதிரையை வகைப்படுத்துவது உருவமல்ல. அது எதனால் ஆனது என்பதுதான். சுடுமண் குதிரை மண்பாண்டங்களுக்குரிய 69-ஆம் அத்தியாயம். கல் அல்லது சிமெண்ட் என்றால் 68. மரம் என்றால் 44. பித்தளைச் சிலை என்றால் 83. பிள்ளைகள் ஆடும் மரக்குதிரையும் சதுரங்கக் குதிரையும் விளையாட்டுச் சாமான்களின் 95-க்குப் போகும். ஆகவே நிர்வாகத்தினர் பில் வாங்கும்போதே, "கோயிலுக்கான சுடுமண் குதிரைச் சிலை, இத்தனை அடி உயரம், இத்தனை எண்ணிக்கை" என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். ஒரு வரி கூடுதலாக எழுதினால் ஒரு வார அலைச்சல் மிச்சம்.

படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கிள்ளான் துறைமுகம் நம் வாசலில் இருக்கிறது. இந்த எண்களைப் பழுதறக் கற்றவர்களுக்கு அங்கே என்றும் மதிப்பு உண்டு. லோரியில் சாமான் ஏற்றுவதற்கு மட்டும்தான் நாம் என்ற நிலை மாற, அந்தச் சாமானுக்குப் பெயர் எழுதவும் நாம் கற்க வேண்டும்.

கயிறு மாறும் நேரம்

இது நமக்குப் புது வித்தையும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதையும், சுங்கம் வாங்கும் காவலர் பொதிகளின் மேல் சோழனின் புலி முத்திரை இட்டதையும் பட்டினப்பாலை சொல்கிறது. "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று ஒரு மன்னனையே போற்றிய இனம் நம்முடையது. துறைமுகமும் சுங்கமும் நம் இரத்தத்தில் ஊறிய சங்கதிகள்.

கடைசியாக ஒரு செய்தி. சிங்கப்பூரில் 180 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. இலாயங்களைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் அங்கிருந்த குதிரைகள் வேறு ஊர்களுக்குப் போயின. சில நம் நாட்டுக்கும் வந்தன. வருஷக் கணக்காகத் தடவிக் கொடுத்து, தீவனம் வைத்து வளர்த்த குதிரைக்காரர் ஒருவர், கடைசி நாளில் அந்தக் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குதிரை சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டபோது அங்கே எழுதிய ஆறு இலக்கமும், ஜொகூரில் நுழைந்தபோது இங்கே எழுதும் ஆறு இலக்கமும் ஒன்றே. நாடு மாறினாலும், எசமானர் மாறினாலும், இலாயம் மாறினாலும் அதன் பெயர் மாறுவதில்லை. பெயர் மாறாத வரையில் அதைக் காப்பாற்ற வேண்டிய கடமையும் யாராவது ஒருவர் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்த முறை ஒரு பாரத்தை நிரப்ப உட்காரும்போது, அது சேலைப் பெட்டியாக இருந்தாலும் சரி, சாமி சிலையாக இருந்தாலும் சரி, அந்த மதுரை இலாயத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கயிறு கை மாறுவதற்கு முன் பார்த்துக்கொண்டால், நடுராத்திரியில் நரி ஊளையிடும் சத்தம் கேட்டு எழுந்திருக்க வேண்டி வராது.